கப்பலுக்குள் இருந்த தேசம்

முன்னொரு காலத்தில் நடந்தது இது. ராஜாவின் பெயரும் நாட்டின் பெயரும் வேண்டாம். சொன்னால் நான்தான் வாரிசு என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள். தலைநகரம் கடற்கரையில் இருந்தது, அது போதும். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் ஏங்கிய அந்த ராஜாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் நாளில் ஊருக்கே விருந்து. துறைமுகத்துக்கு வந்திருந்த தோரிம் என்ற அயல்தேசத்து யாத்திரிகனையும் ராஜா ஆசையாக அழைத்துத் தனக்கு எதிர்வரிசையில் உட்காரவைத்தார்.

தோரிம் ரசித்துச் சாப்பிட்டான். பாயசத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தான். எழுந்திருக்கும்போது, இலையை வெளிப்பக்கமாக, ராஜாவை நோக்கி மடித்துவிட்டான். நல்ல காரியம் என்றால் இலையைத் தன் பக்கமாக மடிப்பதுதான் அந்த நாட்டு வழக்கம். வெளிப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டுச் சாப்பாட்டில் மட்டும். ராணி குழந்தையை அணைத்துக்கொண்டு விம்மி அழுதாள்.

“என் பிள்ளைக்கா சாவு கூறினான்? இவனைச் சிறையில் அடையுங்கள். நாளை பொழுது சாய்ந்ததும் கையை வெட்டுங்கள்!” என்றார் ராஜா.

அரசவை விகடகவி கூத்தபிரானும் பந்தியில் இருந்தார். எல்லாரும் வாயைப் பொத்தி நின்றபோதும் இவர் வாய் சும்மா இருக்குமா? “மகாராஜா, அவர் தேசத்தில் அது மரியாதையாக இருக்கலாம் அல்லவா?” என்று கேட்டுவிட்டார்.

அமைச்சர் சிங்கராயர் இதற்காகவே காத்திருந்தவர். விகடகவிக்குக் கிடைத்த ஒவ்வொரு பரிசையும் பார்த்து வயிறெரிந்த மனிதர். “பிரபு, அப்படி ஒரு தேசம் இருந்தால், நாளை பொழுது சாய்வதற்குள் அதைத் தங்கள் கண்ணில் காட்டட்டும். காட்டாவிட்டால் இவர் கையும் போகட்டும்” என்றார்.

“அப்படியே ஆகட்டும்” என்றுவிட்டார் ராஜா.

கடல் கடந்து போய்வர மாதக்கணக்கில் ஆகும். கூத்தபிரான் நேரே துறைமுகத்துக்குப் போனார். தோரிம் வந்த கப்பலுக்குத் தலைவன் அவன் அண்ணன் பர்னேக். அரைகுறைத் தமிழில் அவன் கதறினான். “சாப்பிட்ட தட்டு, சோறு போட்டவர் பக்கம் மூடணும். நன்றி உங்களுக்கு, அப்படின்னு அர்த்தம். தம்பி நன்றி சொன்னான். கையை வெட்டுறீங்களே!”

கூத்தபிரானுக்கும் கண் கலங்கிவிட்டது. அவன் அருகில் உட்கார்ந்து, அந்தத் தேசத்தில் வேறு எதெல்லாம் மரியாதை, எதெல்லாம் அவமானம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் ராஜாவையும் அமைச்சரையும் அந்தக் கப்பலுக்கே கூட்டிவந்தார்.

“தேசம் எங்கே?” என்று கேட்டார் ராஜா.

“இதுதான் பிரபு. பலகையெல்லாம் அந்த நாட்டு மரம். கப்பல் சாயாமலிருக்கப் பாரமாக அடியில் கொட்டியிருப்பது அந்த நாட்டு மண். இருப்பவர்கள் அந்த நாட்டு மக்கள். இதைத் தேசம் என்னாமல் வேறென்ன என்பது? விருந்தாளியாக உள்ளே எழுந்தருள வேண்டும்.”

“சுத்த ஏமாற்று வேலை!” என்றார் சிங்கராயர்.

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பார்த்துவிடுவோம் என்று நினைத்தார் ராஜா. பிறர் இருப்பிடத்துக்குள் போகும்போது செய்கிற மரியாதையாக, பர்னேக்கின் அறை வாசலில் பாதுகைகளைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

மாலுமிகள் துள்ளி எழுந்தார்கள். ஒருவன் கத்தியையே உருவிவிட்டான். காவலர்களின் கை வாளுக்குப் போயிற்று. தம்பியின் கை போகப்போகிற நேரத்தில் பர்னேக்கின் மனது எந்தப் பக்கம் சாயும் என்று கூத்தபிரானுக்கு உண்மையிலேயே தெரியாது. அந்த மனதை நம்பித்தான் ராஜாவை அங்கே அழைத்து வந்திருந்தார்.

பர்னேக் எழுந்து வந்தான். வாசலில் கிடந்த பாதுகைகளை எடுத்தான். மண்டியிட்டு உட்கார்ந்து ராஜாவின் கால்களில் அவற்றை மாட்டிவிட்டான். பிறகு தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான். கத்தி உறைக்குள் போயிற்று.

ராஜா திகைத்தார். “கூத்தபிரானே, நான் என்ன செய்தேன்?”

“வீட்டு வாசலில் காலணியைக் கழற்றி வைத்தால், உள்ளே ஒருவர் இறந்துவிட்டார் என்று இவர்கள் தேசத்தில் பொருள், பிரபு. இவன் தம்பி தங்கள் சிறையில் இருக்கிறான். தாங்கள் இவன் வாசலில் கழற்றி வைத்தீர்கள்.”

ராஜா குனிந்து தம் பாதுகைகளைப் பார்த்தார். “இவன் தன் ஆட்களிடம் என்ன சொன்னான்?”

பர்னேக்கே பதில் சொன்னான். “வெளியூர்க்காரர், தெரியாம பண்ணிட்டார். அவ்வளவுதான் சொன்னேன்.”

ராஜாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கம். கப்பலைவிட்டு இறங்கிச் சிறைக்கு நடந்தார்; மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். சாவியை வாங்கித் தம் கையாலேயே தோரிமின் விலங்கைக் கழற்றினார்.

தோரிம் தன் கையைப் புரட்டிப் பார்த்தான். பிறகு சட்டென்று ராஜாவை இறுக்கக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். “ராஜாவைத் தொட்டுவிட்டான்!” என்று அலறினார் சிங்கராயர்.

மூச்சுத் திணறிக்கொண்டே ராஜா கேட்டார்: “கூத்தபிரானே, சீக்கிரம் சொல்லும். இது மரியாதையா, அவமானமா?”

“இதைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன், பிரபு.”

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்தபடியே தோரிமைத் தாமும் கட்டிக்கொண்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். பிறகு சிங்கராயர் பக்கம் திரும்பி, “நீர் இவர்கள் கப்பலில் அந்தத் தேசத்துக்கு நம் தூதராகப் போய்வாரும்” என்றார்.

அன்று மாலை சிங்கராயர் கூத்தபிரானின் வீடு தேடி வந்து, “அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், ஐயா?” என்று மெல்லிய குரலில் கேட்டார். கூத்தபிரான் அவரை உட்காரவைத்து, தெரிந்ததில் ஒன்றைக்கூட மறைக்காமல் சொல்லி அனுப்பினார்.