நீல விளக்கில் ஒரு டீ

விடிந்தால் தவசிமுத்துவின் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முன்னால் அவர் செய்த நீல விளக்கு எரிந்தாக வேண்டும். இது கைவிட்டால் இன்னொன்று செய்ய நேரமில்லை.

விளக்கு என்றால் தீப்பெட்டி அளவுக் கண்ணாடிதான். அதன்மேல் கரிமப் பொருளை மெல்லிய படலமாகப் படியவைத்து, இன்னொரு கண்ணாடியால் மூடி, ஓரங்களை ஒட்டியிருந்தார். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் போதும், படலமே ஒளிரும். பச்சையும் சிவப்பும் நெடுநாள் உழைக்கும். நீலம்தான் சவலைப்பிள்ளை. எரிய எரியத் தேய்ந்துபோகும்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது விளக்கு எரிந்துவிட்டால், அதைச் செய்தவரும் வழிகாட்டியும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். தவசிமுத்து மட்டும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தார். ஒரு தடவை எரித்துப் பார்த்ததோடு சரி, பஞ்சில் பொதிந்து டப்பாவில் பூட்டிவிட்டார். கல்யாண நகையைக்கூட யாரும் அப்படிப் பொத்திவைக்க மாட்டார்கள்.

வழிகாட்டி மெஹருன்னிசா அவரைவிட வயதில் இளையவர். கல்லூரியில் பாடம் நடத்தித் தலை நரைத்தபிறகு ஆராய்ச்சிக்கு வந்த இந்த மாணவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

“நாளை வரைக்கும் தாங்குமா மேடம்?” என்று கேட்டார் தவசிமுத்து.

“எடுங்க, பாப்போம்.”

“வேண்டாம் மேடம். எரிச்சா தேஞ்சிடும்.”

மெஹருன்னிசா போனில் இரண்டு டீக்குச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். தவசிமுத்து மனசில்லாமல் டப்பாவைத் திறந்து கொடுத்தார்.

மெஹருன்னிசா மின்கம்பிகளை இணைத்ததும் விளக்கு எரிந்தது. நீலத்தின் நடுவே கடுகு கடுகாய்க் கரும்புள்ளிகள். ஒட்டிய ஓரம் வழியாக ஈரக்காற்று உள்ளே புகுந்திருந்தது.

தவசிமுத்து அழுதுவிடுவோமோ என்று பயந்தார்.

“ஒரு தடவைக்கு மேல நான் எரிக்கவே இல்லையே மேடம்.”

“ஈரத்துக்கு அது தெரியாதே சார்.”

“நாளைக்கு அவங்ககிட்ட எதைக் காட்டுவேன்?”

டீ வந்தது. மெஹருன்னிசா எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். டியூப்லைட்டையும் அணைத்தார். பிறகு ஒரு டம்ளரை விளக்கின் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

“இந்த வெளிச்சத்துல டம்ளர் தெரியுதா சார்?”

தவசிமுத்து குனிந்து பார்த்தார். டம்ளரும் தெரிந்தது, ஆவி பறப்பதும் தெரிந்தது.

“தெரியுது மேடம்.”

“ஆறிடும். குடிங்க.”