நாலு கேள்வியில வலியை ஒழிச்ச பண்டிதர்

பூவரசநல்லூர் ராஜா திருமேனிராயருக்கு மயில்னா உயிர். மயில் தோட்டம் போட அரண்மனைப் பக்கத்துல இடம் தேடினார். இருந்த ஒரே இடத்துல வைத்தியசாலை இருந்தது. அதுக்குள்ள நோயாளிங்க வேற இருந்தாங்க. பெரிய தொந்தரவு.

அரண்மனை வைத்தியர் மருதவாணப் பண்டிதர் கைகொடுத்தார். அந்த நாத்தத்துக்குள்ள தினம் போய் வர்றது அவருக்கும் பிடிக்கல. வலியை அளக்கத் தானே ஒரு முறை கண்டுபிடிச்சதா சபையில சொன்னார். நாலே கேள்வி. நிக்கிறானா? தீனி எடுக்கிறானா? பாரம் தாங்குறானா? சத்தம் போடாம இருக்கானா? எல்லாத்துக்கும் ஆமான்னா வலி இல்லை.

மறுநாளே அளந்து முடிச்சார். நிக்க முடியாதவங்களைச் சேவகருங்க தூக்கி நிறுத்தினாங்க. தூக்கி நிறுத்தினவங்க கையில தடி இருந்ததால யாரும் சத்தமும் போடல. வைத்தியசாலையில ஒருத்தருக்கும் வலி இல்லைன்னு முடிவு வந்தது. வெள்ளிக்கிழமை அதை மூடச் சொல்லி ராஜா உத்தரவு போட்டார்.

சபையில கிண்டல் பேசியே வயிறு வளர்த்தவன் கூத்தையன். அவன் அக்கா அழகம்மை இடுப்பு உடைஞ்சு அங்கேதான் படுத்திருந்தா. அவளுக்கும் வலி இல்லைன்னு தீர்ப்பு.

"அரசே, புதுத் தராசு வாங்கினா தெரிஞ்ச எடையை வெச்சுப் பாக்கிறோம். இந்த அளவை யாரு சோதிச்சது?"

"நான்தான் கண்டுபிடிச்சேன், நான்தான் சோதிச்சேன்"னார் பண்டிதர்.

"நல்லதாப் போச்சு. அடுத்தவங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

ராஜாவுக்கு எரிச்சல். வெள்ளிக்கிழமைக்குள்ள இதைவிட நல்ல அளவு கொண்டு வா, இல்லேன்னா அக்காவைத் தூக்கிக்கிட்டுப் போன்னுட்டார்.

கூத்தையன் நேரா சுவடிச்சாலைக்குப் போனான். அங்கே ஒரு வழக்கம். நாம சொல்ற சொல் எந்தெந்தச் சுவடியில இருக்கோ, அத்தனையும் கொண்டுவந்து கொட்டுவாங்க. 'வலி'ன்னான். ஆள் மறையுற உயரத்துக்குக் குவிஞ்சது. பாதிக்கு மேல காதல் வலி. 'வலி'யோட 'அளவு'ம் இருக்கணும்னான். ஒரு கூடைக்குச் சுருங்கிச்சு. மேலே கிடந்ததைப் புரட்டினவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதைத் தனியா எடுத்து வெச்சான். அப்புறம் 'மனுஷன்'னும் சேத்தான். ரெண்டே சுவடி மிஞ்சிச்சு. ஒண்ணு எழுதினவரே நம்பாதது. இன்னொண்ணு பல ஊர் நோயாளிங்ககிட்ட, திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தது. அதை மடியில கட்டிக்கிட்டான்.

வெள்ளிக்கிழமை ராஜா சபைக்கு வந்தப்போ ஒரு கன்னம் பூசணிக்காயாட்டம் வீங்கியிருந்தது. கடவாய்ப்பல் குடைச்சல். பண்டிதர் கிராம்புத் தைலத்தோட ஓடிவந்தார்.

கூத்தையன் குறுக்கே நின்னான். "பொறுங்க பண்டிதரே. அளக்காம மருந்தா? அரசே, எழுந்து நிக்க முடியுதா?"

"முடியுது."

"தீனி?"

"கஞ்சி குடிச்சேன்."

"பாரம்?"

ராஜா கிரீடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கத்தினீங்களா?"

"ராஜா எப்படிய்யா கத்துறது?"

"அப்ப உங்களுக்கு வலி இல்லை. பண்டிதரே, தைலத்தை மூடுங்க."

"உயிர் போகுதுய்யா"ன்னார் ராஜா.

"அது உங்க அபிப்பிராயம் அரசே. அளவு அப்படிச் சொல்லலியே. அளவு தப்புன்னா சொல்லுங்க, அக்காவுக்கும் சேத்துத் தப்புன்னு வெச்சுக்குவோம்."

ராஜா திரும்பி, இந்தக் கேள்வியெல்லாம் எங்கே பிடிச்சீருன்னு பண்டிதரைக் கேட்டார். தனியா எடுத்து வெச்ச சுவடியைக் கூத்தையன் நீட்டினான். லாயத்துல நொண்டுற குதிரையைப் பாக்கிற முறை. நாலு கேள்வியும் அச்சு அசலா இருந்தது.

"அஞ்சாவதா ஒண்ணு இருக்கு அரசே. காலைத் தொட்டு அமுக்கிப் பாக்கணுமாம். பண்டிதர் அதை மட்டும் விட்டுட்டார். மனுஷனை எதுக்குத் தொட்டுக்கிட்டுன்னு நினைச்சிருப்பார்."

ராஜா சிரிச்சார். சிரிச்சதுல பல்லு சுள்ளுன்னு இழுத்தது. கூத்தையன் மடியில இருந்த மனுஷ அளவுச் சுவடியையும் எடுத்து நீட்டினான். ராஜா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே, வைத்தியசாலை இருந்த இடத்துலயே இருக்கட்டும், இனிமே கூத்தையன் கொண்டாந்த அளவுதான்னார். கூத்தையனுக்குப் பரிசா ஒரு மயில்.

பண்டிதரைக் குதிரை லாயத்துக்கு மாத்தினார். எதுக்கு அங்கேன்னு பண்டிதர் பரிதாபமா கேட்டார்.

"நீர் தப்பா அளந்தா என் ஜனங்க பேசாம இருந்துட்டாங்க"ன்னார் ராஜா. "குதிரை உதைக்கும்."