கணினியைத் தின்றது யார்?

நெய்தலங்காடு என்று ஒரு குட்டித் தீவு. தீவுதான் சின்னது. அதை ஆண்ட பூவராகராயர் பெரியவர், உடம்பிலும் சரி, கோபத்திலும் சரி. அரண்மனைக்கு ஒரே ஒரு பெரிய கணினி. கஜானா வேலையும் அதில்தான், சமையலறை வேலையும் அதில்தான். கடலுக்குப் போனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போவதும் அதிலிருந்துதான்.

ஒருநாள் எச்சரிக்கை போய்ச் சேர்வதற்குள் புயலே வந்து சேர்ந்துவிட்டது. ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். படகுகள் போனது போனதுதான்.

ராஜா சபையைக் கூட்டினார். "கணினி ஏன் இப்படி ஆமையாய் ஊர்கிறது?"

மந்திரி அதிவீரர் இதற்குத்தான் காத்திருந்தார். புயல் இலாகாவைக் கவனிக்கும் நாகவல்லியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவள் வாய் அப்படி. சபையின் பெரிய திரையில் ஒரு பட்டியலை விரித்தார். கணினிக்குள் ஓடும் வேலைகள் ஒவ்வொன்றும் அதன் பலத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பட்டியல். முதலிடத்தில் புயல் கணிப்பு.

"பார்த்தீர்களா மகாராஜா? தின்று தீர்ப்பது இந்த அம்மாளின் வேலைதான். இழுத்து மூடினால் எல்லாம் சரியாகிவிடும்."

நாகவல்லி எழுந்து முன்னால் வந்தாள். மூடிவிட்டால் கடலில் இருப்பவர்களுக்கு யார் சொல்வது? முகத்தில் மட்டும் சிரிப்பு மாறவில்லை.

"மந்திரியார் ஒவ்வொரு ஆளாகப் பார்க்கிறார் மகாராஜா. நான் கூட்டம் கூட்டமாகப் பார்க்கட்டுமா?"

"அதென்ன கூட்டம்?"

"ஒரு இலாகா ஏவிவிட்ட வேலைகளையெல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைப்பது. மொத்தமாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது."

"ஆயிரக்கணக்கான வேலைகள் ஓடுகின்றன! பிரித்து முடிக்க ஒரு மாதம் ஆகும்" என்று மந்திரி சிரித்தார்.

ராஜா காப்பியைக் கையில் எடுத்தார். "இது ஆறுவதற்குள் காட்டு. இல்லாவிட்டால் உன் இலாகாவுக்குப் பூட்டு."

நாகவல்லி ஒரு கறுப்புத் திரையைத் திறந்தாள். அதில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. ஒரே ஒரு வரிக் கட்டளையைத் தட்டினாள். ராஜா இரண்டாவது வாய் உறிஞ்சுவதற்குள் வரிசை வந்து நின்றது. இலாகாவுக்கு ஒரு வரி, தனியாளுக்கு ஒரு வரி. அதில் எத்தனை வேலைகள், எவ்வளவு பலம், எவ்வளவு நினைவகம் என்று எல்லாம் இருந்தன. புயல் இலாகா மூன்றாவதாக இருந்தது. உச்சியில் மந்திரியின் பெயர்.

"அபாண்டம்! என் வேலைகள் ஒவ்வொன்றும் கடுகளவு மகாராஜா!"

"கடுகுதான் ஐயா. மூட்டை மூட்டையாகக் கொட்டி வைத்திருக்கிறீர்களே!"

"அதெல்லாம் என்ன வேலை?" என்றார் ராஜா.

மந்திரியின் குரல் தேய்ந்தது. "கண்காணிப்பு... யார் கணினியை வீணாக்குகிறார்கள் என்று நொடிக்கு நொடி பார்க்க... ஒரு முந்நூறு நிரல்கள்..."

"பந்தியில் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார் மகாராஜா" என்றாள் நாகவல்லி. "போனவர்களும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "மந்திரி கூட்டத்துக்கு இனிமேல் கால் இலைதான். அதற்குமேல் பரிமாறாதே. முதல் பந்தி என்றைக்கும் புயல் இலாகாவுக்கு!"

அவள் அப்படியே வரம்பு கட்டினாள். மந்திரியின் பெயர் சரசரவென்று கீழே இறங்கியது. இரண்டாவதாக இருந்த பெயர் உச்சிக்கு ஏறியது.

ராஜா கண்ணைச் சுருக்கினார். "இப்போது முதலில் நிற்பவன் யார்? கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. வாசி."

நாகவல்லி திரையை நிமிர்ந்து பார்த்தாள். திரையில் 'மகாராஜா' என்று இருந்தது. அவர் கணினியில் ஆடும் சேவற்சண்டை விளையாட்டுதான். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் பழையதை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறந்துவிடுவார். உண்மையைச் சொன்னால் தலை போகும். பொய் சொன்னால் திரை காட்டிக்கொடுக்கும்.

"இவ்வளவு நேரம் பார்த்தது கணினியைத் தின்னும் கூட்டம் மகாராஜா" என்றாள். "இது கணினியை ஆளும் கூட்டம்."

ராஜா கண்ணாடியை வரவழைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தொந்தி ஒருமுறை குலுங்கியது. பிறகு சிம்மாசனமே குலுங்கியது. விரலிலிருந்த முத்து மோதிரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"சரி, சேவல்களை எல்லாம் மூடு" என்றார். அவள் கட்டளையைத் தட்டப் போனாள். ராஜா அவசரமாகக் குனிந்து அவள் காதோரம் சொன்னார்:

"ஜெயிக்கிற சேவலை மட்டும் விட்டுவை!"