பந்து விழுந்த அல்லிக்குளம்

ஒரு காட்டில், அல்லிக்குளத்துக்குப் பக்கத்தில், மரமே இல்லாத ஒரு வெட்டவெளி இருந்தது. தூக்கணாங்குருவி புல்லால் பின்னிக் கொடுத்த பந்தை உதைத்து, மிருகங்கள் அங்கே விளையாடும்.

அந்த ஆட்டத்துக்கு நரி ஒரு சட்டம் போட்டிருந்தது. ஆட்டம் முடியுமுன் யாராவது தண்ணீர் குடிக்கப் போனால், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோல்.

அன்று கோடை மதியம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. வெட்டவெளி முழுவதும் வெயிலில் தண்ணீர் போல நெளிந்தது. தூரத்து மூங்கில்கள் காலில்லாமல் மிதந்தன.

நரியின் பக்கத்துக்குக் கோல் காத்து நின்றது கரடி. அதன் கறுப்பு முடிக்குள் வெயில் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

“நரி மாமா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்.”

“போயேன்! தோத்துட்டு வா, காடே சிரிக்கட்டும்.”

“பந்து மூணு மூணாத் தெரியுது மாமா.”

“மூணையும் பிடி!”

முயல்கள் விழுந்து விழுந்து சிரித்தன. கரடியும் சிரித்தது. பிறகு, “அட, பனி பெய்யுதே...” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடியது. அதன் கால்கள் தள்ளாடின.

பந்தோடு ஓடி வந்த மான் அதைப் பார்த்துவிட்டது. எதிரே கோல் காலியாகக் கிடந்தது. ஒரே உதை, ஜெயித்துவிடலாம்.

“அடி மானக்கா, அடி!” என்று முயல்கள் கத்தின.

மான் அடித்தது. பந்து கோலுக்கு மேலே பறந்து, இன்னும் பறந்து, அல்லிப் பூக்களுக்கு நடுவில் மெத்தென்று விழுந்தது.

“இத்தனை பெரிய கோல் உன் கண்ணுக்குத் தெரியலையா?” நரி குதித்துக் குதித்துச் சிரித்தது.

“எனக்கும் மூணாத் தெரிஞ்சுது மாமா,” என்றது மான். “பந்து மிதந்து போகுது பாருங்க. எல்லாரும் இறங்கினாத்தான் பிடிக்கலாம். கரடியண்ணே, என்மேல சாஞ்சுக்கோ. நீயும் வா.”

கரடி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தது. முயல்கள் காதை நனைத்து நனைத்து அதன் தலையில் தண்ணீர் சொட்டவிட்டன. நெடுநேரம் கழித்துக் கரடி கண் திறந்தது. மூன்றாக மிதந்த பந்து இரண்டானது. அப்புறம் ஒன்றானது.

“அப்போ, அந்தச் சட்டம்?” என்று கேட்டது ஒரு முயல்.

நரி தண்ணீரிலிருந்து மூக்கைத் தூக்கியது. “நாம பந்து எடுக்கத்தானே வந்தோம்?” என்று சொல்லிவிட்டு, மறுபடி நக்கிக் குடித்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும், பாதியில், பந்து குளத்தில் விழும். யார் அடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

நீதி: தாகம் தீர்க்கப் போவது தோல்வி இல்லை; கூட ஆடுபவரின் உயிரைவிட எந்த வெற்றியும் பெரிதில்லை.