பன்னிரண்டு வருஷம் பின்னால் போன ராஜசபை

பூவரசூரில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் ராஜாதான் ஆண்டார். பெயர் உத்தண்ட மாறர். ஊருக்கு மேற்கே இருந்த பெரிய ஏரியின் மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் அரண்மனைக் கம்ப்யூட்டர் ஒன்றின் வேலை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு மத்தியானம் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகிப் போனது. ஏரியோ கரைக்கு ஒரு முழம் கீழே ததும்பிக்கொண்டிருந்தது. கையால் திருகித் திறக்கலாமென்றால், திருகு சக்கரங்களைப் 'பழசு' என்று போன வருஷமே கழற்றிப் போட்டிருந்தார் அமைச்சர் கும்பலிங்க ராயர்.

புதுக் கம்ப்யூட்டர் ஒன்று ராஜசபைக்கே ஓடோடி வந்தது. ஆனால் மதகு புரோகிராம் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும்.

"புதுசில் பழசை ஏற்றுவது நடக்கிற காரியமா, மகாராஜா?" என்றார் ராயர். "எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய என் மைத்துனரிடம் விடுங்கள். மூன்று மாதத்தில் முடிப்பார்."

"மூன்று மாதத்தில் ஊரே இருக்காதே" என்றார் ராஜா. ஆலோசகர் தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தார். "இருட்டுவதற்குள் பழசை ஏற்றிவிடு."

ராயருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவர் கண் வைத்திருந்தது ஏரி மேல் அல்ல, ஆலோசகர் நாற்காலி மேல். இவள் தோற்றால் அதில் மைத்துனர் உட்காரலாம்.

தையல்நாயகி பொக்கிஷ அறையிலிருந்து பழைய சிஸ்டமும் மதகு புரோகிராமும் இருந்த பென்டிரைவை வரவழைத்துச் செருகினாள். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யவே இல்லை. செட்டிங்ஸில் புகுந்து, 'முதலில் பென்டிரைவைப் பார்' என்று வரிசையை மாற்றினாள். பார்த்தது. அடுத்து, 'ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்றது.

"இல்லையாம்" என்றார் ராயர், துக்கம் விசாரிப்பவர் குரலில்.

"இருக்கிறது, அமைச்சரே. பழைய சிஸ்டத்துக்குப் புது டிஸ்கின் பேச்சு புரியவில்லை" என்ற தையல்நாயகி, டிஸ்கைப் பழைய முறையில் பேசும்படி மாற்றினாள். டிஸ்க் தெரிந்தது. சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாவதாக வந்தது பெரிய இடி: 'இந்த இன்ஸ்டாலர் கெட்டுப்போயிருக்கிறது. நிறுவ முடியாது.'

வெளியே மழை இன்னும் வலுத்தது. தையல்நாயகி அந்தச் செய்தியை மூடாமல், கீழே சின்ன எழுத்தில் இருந்த விவரத்தைத் திறந்து படித்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"இது கெடவே இல்லை, மகாராஜா. இதன் மேல் இருக்கும் முத்திரைதான் காலாவதி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரின் தேதியைப் பன்னிரண்டு வருஷம் பின்னால் வைத்தால், முத்திரை செல்லும்."

ராயர் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"ராஜ்யத்தில் எந்தக் கடிகாரமும் அரசர் சொல்லும் தேதியைத்தான் காட்ட வேண்டும். மாற்றிக் காட்டினால் நாடு கடத்தல். மகாராஜாவே போட்ட சட்டம்."

உண்மைதான். சபையைச் சீக்கிரம் முடிக்க யாரோ கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்த கோபத்தில் ராஜா போட்டது. இப்போது அவரே விழித்தார். "சட்டத்தை நானே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்?"

"மீற வேண்டாம், மகாராஜா" என்றாள் தையல்நாயகி. "கம்ப்யூட்டர் உங்கள் தேதியைத்தானே காட்ட வேண்டும்? தேதியை நீங்கள் சொல்லுங்கள். அது காட்டட்டும்."

ராஜாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் மீசை துடித்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "நான் மறுபடி சொல்லும் வரை, இந்தச் சபையில் இது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி."

முரசு முழங்கியது. வழுக்கைத் தலைச் சேனாதிபதி ஆசையாகத் தலையைத் தடவிப் பார்த்து ஏமாந்தார்.

தையல்நாயகி தேதியை மாற்றினாள். மறுபடி அதே பிழை. பார்த்தால், தேதி தானாகவே இன்றைக்குத் தாவியிருந்தது. சுவரிலிருந்து வந்த நெட்வொர்க் கேபிள் வழியாக அரண்மனைப் பெரிய கடிகாரம் அதைத் திருத்திக்கொண்டே இருந்தது. அவள் கேபிளில் கை வைத்தாள்.

"நில்லுங்கள் அம்மணி" என்றார் ராயர். "அமைச்சர் அனுமதி இல்லாமல் அரண்மனைக் கேபிளைத் தொடக் கூடாது. நான் அனுமதி தரவில்லை."

"நீங்கள் எந்த அமைச்சர்?"

"என்ன கேள்வி இது? பத்து வருஷமாக நான்தானே அமைச்சர்."

"இது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய சபை. நீங்கள் பதவிக்கு வர இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரை பார்வையாளர் வரிசையில் உட்காருங்கள், ஐயா."

சபை சிரிப்பில் குலுங்கியது. காவலர்கள் ராயரை மரியாதையாகக் கைப்பிடித்துப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். தையல்நாயகி கேபிளைப் பிடுங்கினாள், தேதியை வைத்தாள், பட்டனை அழுத்தினாள். ஒன்று, இரண்டு என்று ஊர்ந்த சதவீதம் ஒருவழியாக நூறைத் தொட்டது. அடுத்து மதகு புரோகிராமை ஏற்றி, மதகுகளுக்குப் போகும் தனிக் கம்பியைச் செருகினாள். மேற்கே பெரிய இரைச்சல். மதகுகள் திறந்து தண்ணீர் ஆற்றுக்குப் பாய்ந்தது. ஊர் தப்பியது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பின்வரிசையில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும். இந்த ஐப்பசியிலிருந்து நீதான் என் அமைச்சர். பதவி மோதிரத்தை நாளைக்கு வந்து வாங்கிக்கொள்."

தையல்நாயகி நகரவில்லை.

"இன்னும் என்ன, அம்மா?"

"நாளைக்கு என்றால், மகாராஜா, எந்த வருஷத்து நாளைக்கு?"

ராஜா சிரித்துக்கொண்டே மோதிரத்தை அந்த நிமிஷமே கொண்டுவரச் சொன்னார்.