தலைதீபாவளித் தொட்டி

களக்.

அதற்கப்புறம் கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும், களக்.

மேலமுடுக்கூர் கீழத்தெருவில் ஒன்பது நாளாக இந்தச் சத்தம் ராப்பகலாகக் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் தவளை என்றார். பக்கத்து வீட்டம்மாள், யாருக்கோ தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, பாவம் என்றாள். இரண்டும் இல்லை. கோமதிநாயகம் வீட்டுக் குளியலறையில் அவர் தம்பி சொரிமுத்து தரை ஓட்டையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான் அது. ஏன் ஊற்றினான் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் காரணம் இல்லாமல் எதையும் செய்ய மாட்டார்கள். அந்த வீட்டைப் பிடித்த பீடையே அதுதான்.

அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் உள்ளவர் கோமதிநாயகம், கடைசி சொரிமுத்து. தென்னந்தோப்புக் குத்தகையில் சாப்பாடு நடந்ததால் மூவருக்கும் யோசிக்க நேரம் ஏராளம். சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள்; ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். ஒரு தடவை கோமதிநாயகத்தின் மனைவி செல்லக்கனி, "மழை வந்தா கொடியில கிடக்க துணியை எடுத்து உள்ள போடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். மழை வரவில்லை. பக்கத்து வீட்டு மாடு வந்தது. அது நாலு சேலையையும் ஒரு பாவாடையையும் மென்று முடிக்கிற வரைக்கும் மூவரும் பக்கத்திலேயே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் கையில்தான் உலகம்மையின் மானம் மாட்டிக்கொண்டது.

உலகம்மை, கோமதிநாயகத்தின் ஒரே மகள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வேல்சங்கருக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம், வேலை புனேயில். மாமியார் வீட்டில் அவள் தங்கியது ஒரே ஒரு ராத்திரி. மாடிக் குளியலறைப் பக்கம் போகக்கூட நேரமில்லை. அந்த ஒரு ராத்திரியில் மாமியார் பத்து தடவை சொல்லிவிட்டார்: "எங்க வீட்டுல பாத் டப் இருக்கும்மா. எம்புள்ள பொறந்ததுலேருந்து அந்தத் தண்ணிலதான் குளிச்சு வளந்தான். உங்க வீட்டுல?"

பதினோராவது தடவை உலகம்மைக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுலயும் இருக்கு அத்தை" என்றாள்.

இல்லை. அந்த வீட்டில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் வாளியும், நசுங்கின செம்பு ஒன்றும்.

தலைதீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது போன் செய்தாள். "அப்பா, எண்ணெய் தேச்சு முடிச்ச உடனே அத்தை வீடியோவுல கூப்பிடுவாங்க. தொட்டியைக் காட்டுன்னு இப்பவே சொல்லியாச்சு. இல்லன்னா அந்த வீட்டுல இனி எம்பேச்சு செல்லாது. சாகுற வரைக்கும், 'இதுவும் உங்க வீட்டு பாத் டப் மாதிரிதானா'ன்னு கேட்டே கொன்னுடுவாங்க."

மூவரும் பஸ் ஏறி டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். அது அவருடைய கெட்ட நேரம்.

"இது வார்ப்பிரும்பு அண்ணாச்சி. மேல எனாமல் பூச்சு. வெந்நி சீக்கிரம் ஆறாது, நாலு தலைமுறைக்கு உழைக்கும். என்ன, தூக்க ஆறு ஆள் வேணும்."

ஆவுடையப்பன் தம்பிகளை எண்ணினார். தன்னையும் சேர்த்து இன்னொரு முறை எண்ணினார். "நாங்க மூணு பேர்தான் இருக்கோம். பாதித் தொட்டியாக் குடுங்க."

கடைக்காரர் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார். "இது செம்பு. பணக்காரங்க வாங்குதது."

"செம்புல வச்ச தண்ணி குடிச்சா உடம்புக்கு நல்லது" என்றார் கோமதிநாயகம். "குளிக்கதுக்கு முன்னால குடிக்கணுமா, குளிச்ச பிறகா?"

"இது பைபர். லேசு. தண்ணியில போட்டா மிதக்கும்."

"அப்ப தண்ணியைத் தொட்டிக்கு உள்ள ஊத்தணுமா, வெளிய ஊத்தணுமா?" என்று சொரிமுத்து கேட்டான். அண்ணன்மார் இருவரும் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். பிழைத்துக்கொள்வான் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

கடைசியில் அக்ரிலிக் தொட்டி படிந்தது. வெள்ளை நிறம், ஆள் நீளம், மூன்று பேர் தூக்கலாம். பில் போடும்போது கடைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பத்திரமா வச்சுக்கிடுங்க. சொரசொரப்பா எது பட்டாலும் கீறல் விழுந்துடும்" என்றார்.

தொட்டியை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வரும்போதே ஆவுடையப்பன் மூவர் குதிகாலையும் சோதித்தார். மூன்றும் கோடைக்காலத்துக் குளம். இவர்கள் யாரும் தொட்டியில் இறங்கவே கூடாது என்று முடிவானது. மாப்பிள்ளை?

கோமதிநாயகம் புனேக்குப் போன் போட்டார். "உலகு, மாப்ளைக்குக் குதிகால் எப்படி?"

"என்னப்பா கேக்கிய?"

"வெடிப்பு கிடிப்பு உண்டா?"

"அவர் தூங்குதாருப்பா."

"நல்லதாப் போச்சு. போர்வையை விலக்கிப் பாரு."

இடது காலில் இரண்டு வெடிப்பு. கோமதிநாயகம் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தச்சுக்கடையில் உப்புத்தாள் வாங்கி வைத்தார்.

வீட்டில் தொட்டியை இறக்கிப் பிரித்ததும் பெரிய அதிர்ச்சி. அடியில் ஒரு ஓட்டை. தலைமாட்டில், விளிம்புக்குச் சற்றுக் கீழே, இன்னொரு ஓட்டை.

"ஓட்டைத் தொட்டியை நம்ம தலையில கட்டிட்டான்" என்றார் ஆவுடையப்பன். "ஒண்ணு இருந்தா கைதவறுதல். ரெண்டு இருந்தா அது துணிஞ்சு செஞ்ச காரியம்."

"அண்ணே, அடி ஓட்டை வழியா ஒழுகுற தண்ணிதான் மேல் ஓட்டை வழியாத் திரும்ப வருமோ?"

"வராதுலே. தண்ணிக்கு ஏறத் தெரியாது."

"பழக்கினா?"

இந்த விவாதம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நடந்தது. செல்லக்கனி சோற்றைப் போட்டுவிட்டுப் போய் பிளம்பர் லூர்துராஜைக் கூட்டிவந்தாள். லூர்துராஜுக்குத் தீபாவளி நேரம், ஒன்பது வீட்டில் வேலை. அவர் மாட்டிக்கொண்டே பேசினார்.

"அடியில இருக்கது தண்ணி போறதுக்கு. இந்த ரப்பர் மூடியைப் போட்டா நிக்கும், எடுத்தா போயிரும். மேல இருக்க ஓட்டை, தண்ணி நிறைஞ்சு வழியாம இருக்க. ரெண்டும் ஒரே குழாயில சேர்ந்து, இந்தா, தரைக்குள்ள இருக்க இந்த வளைவுக்கு வருது. இதுக்கு ட்ராப்னு பேரு. இந்த வளைவுல எப்பவும் தண்ணி நிக்கணும். நின்னாத்தான் சாக்கடை நாத்தமும் கரப்பானும் மேல வராது."

"எப்பவும்?" என்றான் சொரிமுத்து.

"எப்பவும்."

லூர்துராஜ் தொட்டியைச் சுவரோடு சேர்த்து வைத்து, கழுத்து வரைக்கும் தண்ணீர் ரொப்பி, சுவர் ஓரத்து இடுக்கில் சிலிக்கான் பசையைப் பூசினார். "இந்தத் தண்ணி எடையிலதான் தொட்டி ஒழுங்கா உக்காரும். இல்லன்னா பின்னால ஆள் இறங்கும்போது இடுக்கு விட்டுரும். காஞ்சுதான்னு நாளைக்கு நான் வந்து பாத்துச் சொல்லுதேன். அதுவரைக்கும் எடை குறையக் கூடாது, கேட்டியளா?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

கேட்டார்கள். லூர்துராஜ் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பசை ஒரே நாளில் கல்லாகிவிட்டது; ஆனால் காய்ந்தது என்று லூர்துராஜ் சொல்லவில்லையே. தொட்டித் தண்ணீர் ஒன்பது நாள் அப்படியே நின்றது. நடுவில் கொசு வந்து குடும்பம் நடத்தியது.

ட்ராப் பொறுப்பு சொரிமுத்துவுக்கு. வளைவுக்கு மேலே இருந்த தரை ஓட்டையில் முதல் செம்பை ஊற்றினான். களக் என்றது.

"போயிருச்சு அண்ணே. சத்தம் கேட்டியளா? நிக்கல."

"அப்ப இன்னொண்ணு ஊத்து."

களக்.

"அதுவும் போயிருச்சு."

ஆவுடையப்பன் வெகுநேரம் யோசித்தார். "எப்பவும்னுதானே சொன்னாரு. ஊத்திக்கிட்டே இருந்தாத்தான் எப்பவும். கால் மணிக்கு ஒருக்க ஊத்து. ராத்திரிக்கு அலாரம் வச்சுக்க."

வளைவில் தண்ணீர் முதல் செம்பிலேயே நின்றுவிட்டது. அது பாட்டுக்கு நிற்கும். அதற்காகத்தான் அது வளைந்திருக்கிறது. சொரிமுத்து ஒன்பது நாளும் ஊற்றியதெல்லாம் நேராகச் சாக்கடைக்குப் போனது. முனிசிபாலிட்டித் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். தீபாவளிக்கு முந்தின நாள் வரவேண்டிய முறை. குழாய் திறந்துவிடுகிற ஆள் தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். மாடித் தொட்டி வறண்டது.

அன்று சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். செல்லக்கனி ஆரத்தி எடுத்தாள். அவள் நகர்ந்ததும் ஆவுடையப்பன் குனிந்து மாப்பிள்ளையின் இடது காலைப் பிடித்தார்.

"ஐயோ பெரிய மாமா, நீங்க போயி என் கால்ல..." வேல்சங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியொரு மரியாதையை அவன் பார்த்ததில்லை. உப்புத்தாள் பட்டபிறகு இன்னும் கலங்கியது.

உலகம்மை உள்ளே ஓடித் தொட்டியைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. தண்ணீரையும் பார்த்தாள். "அம்மா, இதுல என்னவோ நீந்துது."

"வீட்டுல இருக்க மொத்தத் தண்ணியும் அதுதான் தாயி" என்றாள் செல்லக்கனி. "உங்க சித்தப்பன் மிச்சத்தையெல்லாம் ஊத்தி முடிச்சுட்டாரு."

தீபாவளி விடியல். மூன்று சகோதரர்களும் தலையில் எண்ணெய் வழிய, புதுப் பட்டுவேட்டியோடு குளியலறை வாசலில் காவல். விடிந்ததும் புதுத்துணி என்று யாரோ சொல்லியிருந்தார்கள்; குளித்த பிறகு என்று சொல்லவில்லை. செல்லக்கனி அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தொட்டியிலிருந்து நாலு வாளி மொண்டு, துணியில் வடிகட்டி, அடுப்பில் ஏற்றினாள்.

"எடை!" என்று அலறினார் ஆவுடையப்பன். "எடை குறையுது! லூர்துராஜ் இன்னும் வரலை!"

"என்ன செய்ய அண்ணே?"

"நாலு வாளின்னா ஒரு ஆளு." சொல்லிவிட்டு இரண்டு காலிலும் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டார். குதிகால் வெடிப்பு ஞாபகம் இருந்தது. அவ்வளவு தூரம் புத்தி உள்ளவர்தான். பட்டுவேட்டியோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாப்பிள்ளை வந்தான். பின்னால் உலகம்மை. தொட்டிக்குள் பெரியப்பாவைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். மூன்று மாதம் காப்பாற்றிய பொய், இன்னும் நாலு நிமிஷம் தாங்கியிருக்கலாம்.

வேல்சங்கர் தொட்டியைப் பார்த்தான். பெரிய மாமாவைப் பார்த்தான். பிறகு சொரிமுத்துவின் கையிலிருந்த செம்பை வாங்கி, வெந்நீர் வாளியோடு தரையில் உட்கார்ந்து, தொட்டியிலிருந்து விளாவத் தண்ணீர் மொண்டான்.

"மாப்ளே," என்றார் கோமதிநாயகம், "நீங்க உள்ள இறங்கலியா?"

"உள்ளேயா? என்ன மாமா விளையாடுறீங்க? எங்க ஊர்ல நாலு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வரும். டப்புல புடிச்சு வச்சுத்தான் மொண்டு குளிப்போம். உள்ள இறங்கிட்டா அப்புறம் சாம்பாருக்கு எதுலேருந்து எடுக்கிறது?"

உலகம்மை சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. பதினோரு தடவை கேட்டதெல்லாம் தண்ணீர் பிடித்து வைக்கிற ஒரு தொட்டிக்குத்தானா!

மாப்பிள்ளை தாராளமாகக் குளிக்கிறவன். சீயக்காய் போகவே நாலு வாளி ஆயிற்று. கோமதிநாயகம் சாக்கைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். கடைசி அலசலுக்கு இன்னும் நாலு வாளி. சொரிமுத்துவும் இறங்கினான். மூன்று பேரும் ரயில் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த மாதிரி, எடை குறையாமல், அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

போன் அடித்தது. மாமியார்.

"என்னம்மா, கங்கா ஸ்நானம் ஆச்சா? எங்கே, உங்க வீட்டுத் தொட்டியைக் காட்டு பாப்போம்."

உலகம்மை இனி மறைக்க ஒன்றுமில்லை என்று போனைத் திருப்பினாள். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"அது யாரு உள்ள, மூணு பேரு?"

"அத்தை, அது எங்க அப்பா, பெரியப்பா, சித்தப்பா."

"மூணு பேரு இறங்கியும் தண்ணி மிச்சம் இருக்கே?" மாமியாரின் குரல் இறங்கிப் போயிருந்தது. பிறகு அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, போனை மூட மறந்து, கத்தினார். "ஏங்க! எந்திரிங்க! போய் நம்ம டப்புல உக்காருங்க. உங்க தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க வீட்டுல மூணு பேரு உக்காந்திருக்காங்க, நம்ம வீட்டுல ஒருத்தர்கூட இல்லைன்னா வெளிய சொல்ல முடியுமா?"

வெளியே முதல் சரவெடி வெடித்தது. அலமாரியில் அலாரம் அடித்தது. கால் மணி ஆகியிருந்தது. சொரிமுத்து அண்ணன்மார் நடுவிலிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி, மாப்பிள்ளை கீழே வைத்த செம்பை எடுத்து, மடிக்குப் பக்கத்தில் மொண்டு, தரை ஓட்டையில் ஊற்றினான்.

களக்.