சம்மட்டி கேட்ட விலை

பொற்கொடிக்குக் கணவன் விட்டுப்போனது ஒரு பழைய மோரிஸ் கார்தான். அதை விற்றால்தான் மகள் கல்லூரிக்குப் போக முடியும். அபூர்வமான கார்களைச் சேர்க்கும் மில் முதலாளி வேதநாயகம் வந்து மூன்று முறை சுற்றிப் பார்த்தார்.

"வெறும் துரு. பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன். கிலோ முப்பது ரூபா."

"சரிங்க" என்றாள், காயலான் கடையில் பத்து வருடம் வேலை பார்த்தவள். உள்ளே போய்ச் சம்மட்டியைக் கொண்டுவந்து, முன்விளக்குக்கு மேலே ஓங்கினாள்.

"ஏம்மா, என்ன பண்றே?"

"பழைய இரும்பை உடைச்சுத்தானுங்க எடை போடுவோம்."

வேதநாயகம் பாய்ந்து விளக்கின்மேல் கவிழ்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் துரு.

"துருவுக்கா இப்படிக் குறுக்கே விழறீங்க?" ஓங்கிய கை இறங்கவில்லை. "இப்பச் சொல்லுங்க விலையை."

"ஆறு லட்சம்" என்றார், எழுந்திருக்காமலே.

சம்மட்டியைக் கீழே வைத்தவள், அவர் எழுந்ததும் விளக்கை முந்தானையால் துடைத்தாள். அந்த விளக்கை அவள் கணவன் தினமும் துடைத்து வைப்பான்.